நயினார் அண்ணாச்சி கொட்டாவி விட்ட படங்கள்

நெடுங்கரையில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது படம் முடிந்ததும் தெரிந்துவிடாது. படம் முடிந்து, கூட்டம் வெளியே வந்து, சங்குமுத்து தியேட்டருக்கு எதிரே இருக்கிற ஜமால் டீக்கடையில் ஆறுமுகநயினார் முதல் மிடறு டீயைக் குடித்து, இடது காதைச் சொறிந்து, ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் தெரியும். அந்த வார்த்தை வருகிறவரை ஊர் வாயைத் திறக்காது. சண்டைக்குச் சண்டை விசில் அடித்தவர்களும், கிளைமாக்ஸில் மூக்கைச் சிந்தியவர்களும், பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய் முறுக்கு வாங்கி வந்தவர்களும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். "தேறாது" என்பார். உடனே, ஆரம்பத்திலிருந்தே தங்களுக்கும் அது தேறாது என்று தோன்றியது எல்லாருக்கும் நினைவுக்கு வரும். "ஒருதடவை பாக்கலாம்" என்பார். ஊர் ஒரு தடவை பார்க்கும். ஆண்டுக்கு ஒரு படத்துக்கோ இரண்டு படத்துக்கோ "கொன்னுட்டாம்வே" என்பார். அந்தப் படத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து ஆட்கள் வருவார்கள்.

மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்த மனுஷனுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. என்றோ ஒருநாள் எல்லாரும் தயங்கி நின்றபோது அவர் தயங்காமல் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆறுமுகநயினார் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், யார் வீட்டு மிக்ஸியையோ பிரித்துப் போட்டபடி, மறுநாள் வெளியாகிற பெரிய படத்தின் டிக்கெட் சட்டைப்பையில் இருக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்; சாய்ந்தவர் எழவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததுமே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் வாய்க்காலில் முங்கி எழுந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டே ஒருவரையொருவர் பார்த்தார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவரும், நயினார் எதைச் சொன்னாலும் "அதேதான் அண்ணாச்சி" என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவருமான குற்றாலிங்கம்தான் மெதுவாகப் பேச்செடுத்தார்: "அண்ணாச்சி இருந்தா, எனக்காக எதுக்குவே முதல் காட்சிய விடுதியன்னு வைவாவ." அதில் இருந்த நியாயம் எல்லாருக்கும் பட்டது. ஈரத் தலையோடு போனார்கள்.

படத்தில் கதாநாயகன் காய்கறிச் சந்தையில் ஒரு கூட்டத்தையே பந்தாடினான். தக்காளி சிதறியது, தராசு பறந்தது, கூடை உடைந்து கோழிகள் நாலாபக்கமும் ஓடின. அதற்கெல்லாம் பின்னால், திரையின் இடது ஓரத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில், கட்டம் போட்ட சட்டையும் கால்மேல் காலுமாக, காலையில் எரித்துவிட்டு வந்த ஆறுமுகநயினார் உட்கார்ந்திருந்தார். சண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது காதைச் சொறிந்தார்.

"ஏல, நம்ம அண்ணாச்சி!" என்று குற்றாலிங்கம் எழுந்து நின்று கத்தினார். யாரோ விசில் அடித்தார்கள். யாரும் பயப்படவில்லை, பயப்பட என்ன இருக்கிறது, முதல் நாள் முதல் காட்சிக்கு அவர் எப்படியும் வந்துவிடுவார் என்பது ஊர் அறிந்ததுதான், இந்தத் தடவை கொஞ்சம் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். செத்தவர் எப்படிப் படத்துக்குள் போனார் என்பதைவிட, காது சொறிந்தது திரைக்கதைக்காகவா சண்டைக்காகவா என்பதுதான் அன்றைக்கு ஜமால் கடையில் பெரிய பேச்சாக இருந்தது. திரைக்கதைக்காகத்தான் என்று கடைசியில் முடிவாயிற்று. படம் தேறாது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்கடுத்த வெள்ளியும் வந்தார், அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். காதல் படமென்றால் கதாநாயகி மழையில் நனைகிற தெருமுனையில் குடை ரிப்பேர் செய்தபடி இருப்பார். ராஜா காலத்துப் படமென்றால் அரசவையில் தூணோரமாகக் கட்டம் போட்ட சட்டையோடு நிற்பார். வெளிநாட்டில் எடுத்த பாட்டென்றால் பனிமலைக்குக் கீழே போர்வையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார். சந்தேகப் பிராணிகள் சிலர் தென்காசிக்குப் போய் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே அந்தப் பெஞ்சு காலியாக இருந்ததாம், அந்தத் தூணில் சாய யாரும் இல்லையாம். இதைக் கேட்டு நெடுங்கரைக்காரர்களுக்குத் தென்காசிக்காரர்கள்மேல் இரக்கம் வந்தது. பாவம், படம் எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்லுவார்கள்?

நாளாக ஆக ஊர் அவரைப் படிக்கத் தேர்ந்துவிட்டது. காதைச் சொறிந்தால் கதையில் ஓட்டை. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இழுவை. கொட்டாவி விட்டால் அந்தப் படத்துக்குப் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். ஒரு தடவை, கதாநாயகனும் கதாநாயகியும் ஆற்றங்கரையில் முகத்தோடு முகம் நெருங்கிய நேரத்தில், பின்னால் நின்ற நயினார் வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டினார். அது பாராட்டா கண்டனமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, சம்பந்தம் பேச இருந்த இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. படத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை. மூலையைத்தான் பார்த்தார்கள். "கதாநாயகி தலை மறைக்குதுவே" என்று சலித்துக்கொண்டார்கள்.

தியேட்டர் வாசலில் கருத்துக் கேட்பதற்காக மதுரையிலிருந்து மைக்கோடு வந்த ஒரு பெண், படம் எப்படி இருக்கிறது என்று குற்றாலிங்கத்திடம் கேட்டாள்.

"ஃபர்ஸ்ட் ஆஃப்ல மூணு இடத்துல வாராவ. நல்லாத்தான் இருக்காவ. செகண்ட் ஆஃப்ல தூங்கிட்டாவ."

"ஹீரோ தூங்கிட்டாரா சார்?"

"ஹீரோவா?" என்று குற்றாலிங்கம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "ஆமா, ஒருத்தர் இருந்தாருல்லா?"

புதிதாகப் படம் எடுத்த இளம் இயக்குநர் ஒருவர், ஊர் ஊராகப் போய் ரசிகர்களுக்கு நன்றி சொல்லி வருகிறவர், நெடுங்கரைக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்தார். தாய் உயிர் விடுகிற காட்சியில் கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஆள் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவதைக் கண்டு எழுந்துவிட்டார். "யார் இவரு? நான் இப்படி ஒருத்தரை எடுக்கவே இல்லையே!"

"தெரியும் தம்பி," என்றார் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்காமல். "நீங்க எடுத்திருந்தா இவ்வளவு இயல்பா வந்திருக்காது."

இதில் எல்லாம் நொந்துபோனவர் தியேட்டர் முதலாளி தீத்தாரப்பன். காலைக் காட்சியில் நயினார் கொட்டாவி விட்டால் மத்தியானக் காட்சிக்கு ஈ காக்கை வருவதில்லை. அவரோ உயிரோடு இருந்த காலத்தைவிட இப்போது அதிகமாகக் கொட்டாவி விட்டார், எல்லாப் படத்தையும் உள்ளே இருந்து பார்த்தால் அப்படித்தான் வரும்போலும். தீத்தாரப்பன் திரையின் இடது ஓரத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துப் பார்த்தார். நயினார் வலது ஓரத்துக்கு மாறிக்கொண்டார். பக்திப் படம் போட்டார். சாமி தரிசனம் தருகிற இடத்தில் நயினார் பக்தர்களோடு பக்தராகத் தூணில் சாய்ந்து உறங்கினார். புதுப்படம் தருகிறவர்கள் நெடுங்கரை என்றாலே கையெடுத்துக் கும்பிட்டார்கள். தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கிவிடலாம் என்று அவர் வீட்டில் பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில்தான் துண்டு வந்தது.

நயினார் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில், இடம் பிடிக்கப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த படத்திலும் துண்டு இருந்தது. ரயிலில் கூட்டம் நெரிந்து கதாநாயகியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நயினாருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் துண்டோடு காலியாக இருந்தது. ஒரு சண்டையில் அடிவாங்கிப் பறந்து வந்த அடியாள்கூடத் துண்டைக் கண்டதும் காற்றிலேயே ஒதுங்கி அந்தப் பக்கம் விழுந்தான்.

"எனக்குத்தான் போட்டிருப்பாவ," என்று குற்றாலிங்கம் பெருமையோடு சொன்னார். சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு உறைத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரத்தக் கொதிப்பு பார்க்கப் போனார். அந்த வாரம் ஊரில் வயதான ஆண்கள் யாரும் முன்வரிசையில் உட்காரவில்லை. நெஞ்சில் லேசாகக் குத்தினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடைசியில் பெண்கள்தான் அதைத் தெளிவுபடுத்தினார்கள்: புருஷன் பக்கத்தில் யாருக்கு இடம் போடுவான், பெண்டாட்டிக்குத்தானே? ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. அன்றிலிருந்து நயினாரின் மனைவி ஆவுடையம்மாளிடம் எல்லாரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை முன்னால் விட்டார்கள். அவளிடம் இட்லி மாவு வாங்குகிறவர்கள் இன்னொரு கரண்டி கேட்பதை நிறுத்தினார்கள். எதற்கு இந்த மரியாதை என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஆவுடையம்மாள் புருஷனைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமையும் போகவில்லை. துக்கம் என்று ஊர் நினைத்தது. துக்கமும் இருந்தது, ஆனால் அதற்கு மேலே கோபம் உட்கார்ந்திருந்தது. வாராவாரம் ஊருக்கெல்லாம் காட்சி தருகிற மனுஷனுக்கு, ஒருநாள் அவள் கனவுக்குள் வர வழி தெரியவில்லையா?

அதுபோக, தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். கல்யாணமான புதிதில் நயினார் அவளை ஒரு படத்துக்கு அழைத்துப் போனார். இருட்டில் அவள் அழுதாள், சிரித்தாள், கைவிரல்களைக் கோத்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டாள். வெளியே வந்ததும், அவருடைய கூட்டாளிகள் சுற்றி நிற்க, யாரும் கேட்காமலே, "ரொம்ப நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டாள். நயினார் சிரித்தார். "இவளுக்குத் திரையில வாய்க்காத்தண்ணி ஓடுனாலே நல்லாருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவள் வராமல் இருப்பது அவருக்குத் தெரியவே சில வருஷங்கள் ஆயின. தெரிந்தபோது, அவளுக்குச் சினிமா பிடிக்காது என்று அவராகவே ஒரு கருத்துச் சொல்லி முடித்துக்கொண்டார்.

தீத்தாரப்பன் ஒருநாள் காலையில் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி மாவுக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"மதினி, நீங்க ஒரு வெள்ளிக்கிழம வரணும். கொட்டாவிய மட்டும் விட வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா அவிய கேப்பாவ."

"உயிரோட இருக்கையில கேட்டாவளா?"

"இப்ப கேப்பாவ மதினி. உங்களுக்குன்னு தன் பக்கத்துல இடம்லாம் போட்டு வச்சுக் காத்திருக்காவள்லா."

ஆவுடையம்மாளின் கை நின்றது. "என்ன இடம்?"

பேச்சிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீத்தாரப்பன், சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்ட முகத்தோடு, துண்டைப் பற்றிச் சொன்னார்.

அவள் நயினாரை நினைத்துப் பார்த்தாள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று பார்க்காமல் நடையைக் கட்டுகிற மனுஷன். பஸ்ஸில் ஏறினால் தான் உட்கார்ந்த பிறகு, ஒருத்தியைக் கூட்டி வந்தது நினைவுக்கு வந்து திரும்பிப் பார்க்கிற மனுஷன். அவர் இடம் போட்டிருக்கிறாரா? அதுவும் இத்தனை மாதமாக, யாரையும் உட்கார விடாமல்? அவளுக்குக் கோபம் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன்" என்றாள்.

தீத்தாரப்பன் போனதும் பேச்சிக்கனி அழ ஆரம்பித்தாள். "யக்கா, போகாத. துண்டுல உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா."

"உக்காரப் போறேன்னு எவ சொன்னா? எவ்வளவு இடம் போட்டிருக்காவன்னு பாத்துட்டு வாரேன்."

அந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு, கடை கண்ணியெல்லாம் அடைத்துவிட்டு ஊரே வந்தது. குற்றாலிங்கம் ஒரு பையில் மாலை வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார். தீத்தாரப்பன் மின்விசிறிக்கு நேர் கீழே ஆவுடையம்மாளை உட்கார வைத்தார். அவள் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு பேச்சிக்கனி உட்கார்ந்தாள்.

வெள்ளத்தில் பிரிந்துபோன அண்ணன் தங்கச்சி கதை. அண்ணன் பஸ் கண்டக்டர். தங்கச்சி அதே பஸ்ஸில் தினமும் டிக்கெட் வாங்குகிற நர்ஸ். அவள் கையில் ஒரு தழும்பு. மிச்சக் கதை எப்படிப் போகும் என்று தியேட்டரில் எல்லாருக்கும் தெரியும், ஆவுடையம்மாளைத் தவிர. இத்தனை வருஷமாகப் படமே பார்க்காதவளுக்கு எதுவும் பழசாக இல்லை. தங்கச்சி சில்லறை இல்லாமல் தவித்தபோது தவித்தாள். கண்டக்டர் தன் காசைப் போட்டு டிக்கெட் கிழித்தபோது, "நல்ல பிள்ள" என்று வாய்விட்டுச் சொன்னாள். எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"யக்கா, அங்க பாரு" என்று பேச்சிக்கனி கையைக் கிள்ளினாள்.

பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் நயினார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துண்டு. கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அதை ஆவுடையம்மாள்தான் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். இவ்வளவு தூரத்தில், இவ்வளவு பெரிய ஊரில், யாருமில்லாமல் இந்த மனுஷன் எங்கே சாப்பிடுகிறார்?

அப்போது நயினார் வாயைத் திறந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். தியேட்டர் பெருமூச்சு விட்டது.

"எதுக்குக் கொட்டாவி விடுதிய?" என்று ஆவுடையம்மாள் சத்தமாகக் கேட்டாள். "நல்லாத்தான இருக்கு!"

திரையில் நயினாரின் கொட்டாவி பாதியில் நின்றது. அவர் திரும்பினார். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் தியேட்டர் பக்கம் திரும்பியதே இல்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டைப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியில் கையை வைத்துத் தேடினார். தேடி, மின்விசிறிக்குக் கீழே அவளைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை ஜமால் கடையில் யாரும் பார்த்ததில்லை. பெஞ்சைத் தூசி தட்டினார். துண்டை நீவி விட்டார். பிறகு எழுந்து, பஸ்களுக்கு நடுவே புகுந்து, முன்னால் வந்தார், இன்னும் முன்னால் வந்தார்.

அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. தங்கச்சி படிக்கட்டிலிருந்து வழுக்கினாள், அண்ணன் கையைப் பிடித்தான், பிடித்த கையில் தழும்பைப் பார்த்தான். சரியாக அந்த நேரத்தில் நயினாரின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அவர் காதுக்குப் பின்னாலிருந்து "இந்தத் தழும்பு..." என்று ஒரு குரல் நடுங்கியது. நயினார் கையை உயர்த்தி, வா என்று கூப்பிட்டார். தியேட்டரே திரும்பி ஆவுடையம்மாளைப் பார்த்தது. குற்றாலிங்கம் பையிலிருந்து மாலையை எடுத்தார். பேச்சிக்கனி அவள் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்தாள்.

ஆவுடையம்மாள் இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள். வலது பக்கம் சாய்ந்து பார்த்தாள். எங்கேயும் புருஷன் முகமாக இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் நகருங்க," என்றாள். "மறைக்குது."

நயினாரின் கை அப்படியே நின்றது. என்ன சொல்வதென்று தெரியாத ஒரு முகத்தை அவர் வாழ்நாளில் முதல் தடவையாக வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தோளுக்கு மேலாகத் திரும்பித் தனக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தார். மழையையும், பஸ்ஸையும், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பெஞ்சுக்குப் போய்த் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படத்தின் நடுவில் எழுந்து போகிறவர்கள் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று குனிந்து போவார்களே, அப்படிக் குனிந்து, திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே போனார்.

அண்ணனும் தங்கச்சியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆவுடையம்மாளும் அழுதாள், படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அழுதாள்.

"அத்தான் போனதுக்காக்கா?" என்று வீட்டுக்கு நடக்கும்போது பேச்சிக்கனி கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு அண்ணன் கெடச்சிட்டாம்லா," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

நயினார் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் வரவில்லை. ஊருக்கு அவள்மேல் கோபம் வந்தது. குழாயடியில் அவள் குடம் பழையபடி பின்னால் போயிற்று. மாவு புளித்திருக்கிறது என்று புகார் சொன்னார்கள். தீத்தாரப்பன் மட்டும் சந்தோஷப்பட்டார், அதுவும் இரண்டு வாரத்துக்குத்தான். கூட்டம் படம் பார்த்துவிட்டு வந்து, டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கலைந்தது. மதுரைப் பெண் மைக்கை நீட்டினால் "தெரியலயேம்மா" என்றார்கள். படம் தேறுமா தேறாதா என்று தெரியாததால் நல்ல படமும் ஓடவில்லை, மோசமான படமும் ஓடவில்லை.

ஆவுடையம்மாள் மட்டும் வெள்ளிதோறும் மாவு வியாபாரத்தை முடித்துவிட்டுக் காலைக் காட்சிக்கு வந்தாள். தனியாக வந்தாள், தனியாகச் சிரித்தாள், தனியாக அழுதாள், வெளியே வந்து ஜமாலிடம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ வாங்கிக் குடித்தாள். ஒருநாள், ஆடு வளர்க்கிற ஒரு கிழவனைப் பற்றிய படம் முடிந்து, அவள் கிளாஸை வாயில் வைத்தபோது, சுற்றிலும் சத்தம் அடங்கியிருப்பதைக் கவனித்தாள். ஊர் ஆண்கள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மதினி," என்றார் குற்றாலிங்கம், பழைய பணிவோடு. "எப்படி இருக்கு?"

ஆவுடையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் உள்ளதான இருந்திய?" என்றாள். கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரை யாரும் அசையவில்லை. டீயில் ஆடை படிந்தது. குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார், செருமி, தரையைப் பார்த்துக்கொண்டு, திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவர் மாதிரிச் சொன்னார்: "எனக்கு... அந்த ஆட்ட விக்கிற இடத்துல அழுக வந்துட்டு."

ஜமால் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார்.

"அந்த எடமாவே?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "படத்துலயே மட்டமான எடம் அதுதான்."

வாழ்க்கையில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத குற்றாலிங்கம் கிளாஸை பெஞ்சின்மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏம்வே மட்டம்? சொல்லும் பாப்போம்."